மேசைக்கு அடியில யாரு

இல்லம்மா, நேபாளம் இல்ல. மணிப்பூரும் இல்ல. பஸ்ஸுல பக்கத்துல உக்காருறவிய எல்லாரும் கேக்கதுதான், எனக்குப் பழகிப்போச்சு. நான் பிலிப்பைன்ஸ். கல்யாணம் கட்டி வந்தது தூத்துக்குடிக்கு. முப்பது வருசம் ஆகப்போவுது. பேரு எர்லிண்டா, எங்க தெருவுல லிண்டாக்கா. தமிழா? எங்க மாமியாருக்கு வேற பாஷை தெரியாது, பொறவு நான் என்ன செய்ய?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கிடலாமா? வெயிலுக்கு இல்லம்மா. அந்தப் பாட்டுக்கு.

இந்த ஊர்வலம் போனாத்தான் பஸ்ஸை விடுவாவ போல. அந்த ஆட்டோல ஓடுற பாட்டைக் கேட்டீங்களா? எதிர்த்து நிக்கிற ஆளுக்குத் திக்குவாயாம். அவரு பேசுற மாதிரியே திக்கித் திக்கிப் பாடுது ஒரு பிள்ளை. நல்ல குரல். இருபது வயசு இருக்குமா? இருக்காது. மூடிருங்கம்மா, மூடிருங்க.

நானும் எலெக்‌ஷனுக்குப் பாடியிருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். இப்ப இந்தக் குரலை வச்சிக்கிட்டு மீன்காரிகூடத்தான் சண்டை போடுதேன். அப்ப அப்படி இல்ல.

எங்க ஊரு எலெக்‌ஷனை நீங்க பார்க்கணும். கூட்டம்னா பேச்சுன்னு நினைக்காதீங்க. முதல்ல டான்ஸு, பொறவு ஒரு சிரிப்பு நடிகரு, பொறவு பாட்டு, நடுவுல அஞ்சு நிமிசம் பேச்சு, திரும்பப் பாட்டு. எழுபது வயசுக் கிழவனா இருந்தாலும் ஓட்டு வேணும்னா மேடையில இடுப்பை ஆட்டித்தான் ஆகணும். சனங்க பாயும் வேர்க்கடலையும் எடுத்துக்கிட்டு வந்துருவாவ. உங்க ஊர்ல சினிமாக்காரவிய முதலமைச்சரா வரலியா? எங்க ஊர்ல படத்துல சண்டை போட்டவரு நாட்டுக்கே தலைவரா வந்தாரு. எங்க வீட்டுக்காரவிய இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. "ரெண்டு ஊருக்கும் ஒரே வியாதி, அதான் நீ இங்க வந்து ஒட்டிக்கிட்டே"ம்பாவ.

டிவி இன்னொரு கூத்து. மத்தியானம் பன்னெண்டு அடிச்சா மணிலால இருந்து ஒரு நிகழ்ச்சி வரும். பாட்டு, ஆட்டம், போட்டி, பரிசு. ஜீப்னி ஓட்டுறவிய, எங்க அப்பாவும் அதான் ஓட்டுனாவ, உங்க ஊரு ஷேர் ஆட்டோ மாதிரி பெருசா இருக்கும், டிவி உள்ள வீட்டு வாசல்ல வண்டியைப் போட்டுட்டு சோத்துப் பாத்திரத்தோட உள்ள வந்துருவாவ. வண்டியில இருக்கவியளும் இறங்கி வந்துருவாவ. சரியாப் பாடலைன்னா பெரிய தாம்பாளத்துல ஓங்கி ஒரு அடி அடிச்சு வெரட்டிருவானுக. அந்தத் தாம்பாளச் சத்தம் கேக்காம ஒரு பாட்டு முழுசாப் பாடணும், அதான் எனக்கு ஆசை. அதுக்கு மேல ஆசைன்னு ஒண்ணும் இல்ல.

எனக்கு ஒரு கூட்டுக்காரி. லுஸ்விமிந்தா. எங்க நாட்டுல மூணு பெரிய தீவுக்கூட்டம் இருக்கு, மூணு பேரையும் வெட்டி ஒட்டி வச்ச பேரு. லுஸ்ஸுன்னு கூப்பிடுவோம். அவ அப்பா எலாடியோ சாரு எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு. ஒல்லியா, நெடுநெடுன்னு இருப்பாவ, சட்டைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருப்பாவ. எனக்குக் குரல் இருக்குன்னு கண்டுபிடிச்சதே அவியதான். எங்க அம்மா ஹாங்காங்குல வீட்டு வேலைக்குப் போயிட்டாவ, எனக்கு ஏழு வயசு அப்ப. பள்ளிக்கூடம் விட்டா நேரா சாரு வீடுதான். சோறு அங்க, பாட்டு அங்க. கிதாரை வச்சிக்கிட்டு, "மூச்சை எங்க எடுக்கதுன்னு தெரிஞ்சா போதும், பாட்டு தன்னால வரும்"பாவ. லுஸ்ஸுக்குப் பாட்டு வராது. எனக்கும் அவளுக்கும் சேர்த்து எனக்கே சொல்லிக் குடுத்தாவ.

அந்தக் காலத்துல எங்க நாட்டுல ஒரு தலைவரு இருபது வருசமா நாற்காலியை விடாம இருந்தாரு. ராணுவச் சட்டம். பேசுனா புடிச்சிருவாவ. வாத்தியாருமாருக்கெல்லாம் ஏதோ கோரிக்கைன்னு சாரு ஒரு மனு எழுதிருக்காவ, கையெழுத்தும் முதல்ல போட்டிருக்காவ. ஒரு நா காலையில ராணுவ லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. நாலு மாசம். திரும்பி வந்தாவ, மறுநாளே பள்ளிக்கூடத்துக்கும் வந்துட்டாவ, அதே சட்டை, அதே பட்டன். என்ன நடந்துச்சுன்னு யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லல.

லுஸ் என்கிட்ட சொன்னா. அடிபம்புல துணி துவைச்சிக்கிட்டு இருந்தோம், எங்களுக்குப் பதினஞ்சு வயசு. வீட்டுப் பக்கம் பெரிய லாரி எதுவும் வந்தா அப்பா எந்திரிச்சு சாப்பாட்டு மேசைக்கு அடியில போயிருவாவளாம். கையால தலையைப் பொத்திக்கிட்டு. சத்தம் போன பொறவும் கொஞ்ச நேரம் வரமாட்டாவளாம். அம்மா மேசை விரிப்பைத் தரை வரைக்கும் இழுத்து விட்டிருவாவளாம், அக்கம்பக்கத்துல பார்த்திரக் கூடாதுன்னு. "வீட்டுல மூணு பேருக்குத்தான் தெரியும், நாலாவது நீ"ன்னா. மாதா மேல சத்தியம் பண்ணுனேன். நனைஞ்ச கையோட பண்ணுனேன்.

எங்களுக்குப் பதினேழு வயசா இருக்கும்போது அந்தத் தலைவரு நாட்டை விட்டே ஓடிட்டாரு. மணிலா ரோட்டுல லட்சம் லட்சமா சனங்க நின்னாவ, டாங்கிக்கு முன்னால செபமாலையோட கன்னியாஸ்திரிங்க. நாங்க ரேடியோவுல கேட்டோம். சாரு ரேடியோவைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதாவ. பொறவு பிள்ளைங்களை எல்லாம் கூட்டிக்கிட்டுப் போய் ஊரு நடுவுல பாட வச்சாவ. நான்தான் முன்னால நின்னு பாடுனேன். அந்த ஒரு நாளை நினைச்சா இப்பவும் எனக்கு...

ரெண்டு வருசம் கழிச்சு ஊருக்கு மேயர் எலெக்‌ஷன் வந்துச்சு. சாரு நின்னாவ. எதிர்த்து நின்னது பலாசியோஸ், அரிசி மில் வச்சிருந்தவரு. பழைய மேயருக்குத் தம்பி. ஊர்ல ஓடுன லாரி எல்லாம் அவரோடது. அவரு என்னைக் கூப்பிட்டு விட்டாரு. "உன் குரல் எனக்கு வேணும். மணிலா டிவி ஸ்டேஷன்ல எங்க மச்சான் இருக்கான். எலெக்‌ஷன் முடிஞ்ச மறு மாசம் நீ பன்னெண்டு மணி நிகழ்ச்சியில நிப்பே"ன்னாரு.

நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? சொல்லுங்க. எங்க அப்பா ஜீப்னி ஓடுறதே அந்த மில்லுக்கு ஆளு ஏத்தித்தான். நான் பத்தொம்பது வயசுப் பிள்ளை.

லுஸ்கிட்ட போய்ச் சொன்னேன். ஒளிக்கல. மறுநா வந்து, "அப்பாட்ட கேட்டேன்"ன்னா அவ, மூஞ்சியைப் பார்க்காம. "பாடட்டும், பாட்டு வேற ஓட்டு வேறன்னாவ."

பாத்தீங்களா, சாரே சொல்லிட்டாவ.

பாட்டை எழுத அங்க ஒரு ஆளு இருந்தான். மில்லுல கணக்கு எழுதுறவன், அவன்தான் எழுதிக் குடுப்பான். நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். எங்க பாஷையில இருக்கு, தமிழ்ல சொன்னா இப்படி வரும்:

"லாரி ஒண்ணு வருது பாரு,
மேசைக்கு அடியில யாரு யாரு?"

நான் இதைக் கேட்டா, சனங்க மொத்தமாச் சேர்ந்து "வாத்தியாரு!"ன்னு கத்தணும். சின்னப் பாட்டு. மெட்டு துள்ளும். மூணே நாள்ல ஊரு முழுக்க. சந்தையில மீன் வெட்டுறவ பாடுதா, துவைக்கிறவ பாடுதா, பிள்ளைங்க கயிறு தாண்டிக்கிட்டே பாடுது. லாரிக்காரனுக சாரு ரோட்டுல நடந்து போனா பின்னால வந்து ஹாரனை அமுக்குவானுக, துள்ளுறாவளான்னு பார்க்க. சாரு துள்ளல. நின்னுருவாவ. லாரி போற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு நின்னுட்டுப் பொறவு நடப்பாவ.

ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நேருக்கு நேரா மாட்டிக்கிட்டேன். ஓட முடியல, பின்னால கூட்டம். சாரு என்னையப் பார்த்து, "தொண்டை கட்டியிருக்கே. தெனம் கத்திப் பாடாத. சுடுதண்ணி குடி"ன்னாவ. லுஸ் பக்கத்துல நின்னா. பார்த்தா. அவ்வளவுதான், பார்த்தா.

என்னம்மா, யாரு அவனுக்குச் சொன்னான்னு கேக்கீங்களா? அந்தக் கணக்கப்பிள்ளைக்கு மேசை விசயம் எப்படித் தெரியும்னு?

நீங்க கேக்கல. நானாத்தான் கேட்டுக்கிடுதேன்.

மில்லுல நெல்லு மூடை போடுற கிட்டங்கியில வச்சுத்தான் ஒத்திகை. அவன் எழுதுனது எல்லாம் சப்புன்னு இருக்கும். சாரு சட்டை பழசு, சாரு ஒல்லி, காத்தடிச்சாப் பறந்துருவாரு, இப்படி. ஒருத்தரும் சிரிக்கல. பலாசியோஸ் மூக்கைச் சொறிஞ்சிக்கிட்டே, "இது ஆகாது. டவுன்ல இருந்து வேற பாட்டுக்காரியைக் கூப்பிடுவோம்"ன்னாரு. எனக்குப் பயமாயிருச்சு. டிவி போச்சேன்னு. அப்ப நான், "ரெண்டு வரி இருக்கு, பாடிப் பாக்கட்டுமா?"ன்னேன். வழியில வரும்போதே மனசுக்குள்ள கட்டி வச்சிருந்தேன். வழியிலதான், அதுக்கு முன்னால இல்ல. இல்ல, பொய் எதுக்கு. முந்தின நாளே கட்டிட்டேன்.

பாடுனேன். அர்த்தம் என்னன்னு கேட்டாரு. சொன்னேன்.

கிட்டங்கியே சிரிச்சுதும்மா. மூடை தூக்குறவிய, டிரைவருமாரு, எல்லாரும் வயித்தைப் புடிச்சிக்கிட்டு. அந்தச் சிரிப்பு இருக்கே, அதுவரைக்கும் எனக்குக் கை தட்டிருக்காவளே தவிர அப்படி ஒரு சத்தம் எனக்குன்னு வந்ததில்ல. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. இதை நான் எங்க வீட்டுக்காரவியகிட்ட கூடச் சொன்னதில்ல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட "ஒரு ரகசியத்தைக் காப்பாத்தல சாமி"ன்னு மட்டும் சொன்னேன். மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு சாருக்குக் கூட்டம். கோயிலுக்கு எதுத்த மைதானம். பெரிய மேடை எல்லாம் இல்ல, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு நாலைச் சேர்த்துப் போட்டு, அது மேல ஒரு மேசை, வெள்ளைத் துணி விரிச்சு, மைக்கு. டான்ஸு கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஆனா சனங்க வந்திருந்தாவ. நெறைய. சாரு நல்லாப் பேசுவாவ, மனசுல படுற மாதிரி. மில் லாரி மூணும் அந்த நேரம் பார்த்து அந்த ரோட்டுல வந்துச்சு. முதல் லாரியில நான். கையில மைக்கு, வாயில அந்தப் பாட்டு.

ஹாரன் அடிச்சது நான் இல்ல. அதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க. டிரைவரு அடிச்சான். மூணு லாரியும் ஒண்ணாச் சேர்ந்து அடிச்சுது. மைதானத்தை ஒட்டி வந்து, இஞ்சினை உறும விட்டு, விடாம அடிச்சானுக.

சாரு பேச்சை நிறுத்துனாவ. தண்ணிக் கிளாஸை எடுத்தாவ. திருப்பி வச்சாவ. பொறவு முட்டி மடங்கி, மெதுவா, யாரோ தோள்ல கை வச்சு அமுக்குற மாதிரி, அந்த மேசைக்கு அடியில போயிட்டாவ. எல்லாரு முன்னாலயும். சட்டை போட்டு, பட்டன் போட்டு, தலையைப் பொத்திக்கிட்டு.

சனங்க சிரிச்சாவ. முதல்ல சிரிச்சாவ. லுஸ் மேல ஏறுனா. மைக்கைப் புடிச்சு ஏதாவது சொல்லுவான்னு நினைச்சேன். வெள்ளைத் துணியைத் தூக்கிட்டு அவளும் உள்ள போய் உக்காந்துட்டா. துணியைத் திரும்ப இழுத்து விட்டுட்டா. அதுக்குப் பொறவு சிரிப்புச் சத்தம் கேக்கல. ஒரு குழந்தை அழுதது மட்டும் கேட்டுது.

நான் பாட்டை நிறுத்தலம்மா. அதான். அவ்வளவு நடந்தும் நான் அந்த வரி முடியுற வரைக்கும் பாடிட்டுத்தான் நிறுத்துனேன். பதிலுக்கு "வாத்தியாரு"ன்னு யாரும் கத்தல. லாரி அப்படியே போயிருச்சு.

பலாசியோஸ் ஜெயிச்சாரு. சொன்ன சொல்லையும் காப்பாத்துனாரு, அதுல குறை சொல்ல முடியாது. மறு மாசம் நான் மணிலால அந்த மேடையில நின்னேன். ஒரு காதல் பாட்டு. தாம்பாளச் சத்தம் இல்லாம முழுசாப் பாடுனேன், ரெண்டாவது பரிசு, ஒரு மின்சார அடுப்பு. சந்தோசமாத்தான் இருந்தேன். அதை வச்சு ஒரு பாட்டுக் குழுவுல சேர்ந்தேன், துபாய் ஓட்டல்ல பாடப் போனேன். அங்க வெள்ளிக்கிழமை பூசையில ஒருத்தவிய முன் பெஞ்சுல இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாவ. பேரு மச்சாது, கப்பல்ல மெஷின் ரூம் வேலை, தூத்துக்குடி, அவியளைத்தான் கட்டுனேன். அந்தக் கதை வேற.

நடுவுல ரெண்டு தடவை ஊருக்குப் போனேன். சாரு வீட்டுத் தெரு வழியாப் போகல. சந்தை வழியாச் சுத்திப் போனேன். நேரம் இல்ல, சாமான் வாங்கணும், பிள்ளைங்க சின்னது. அப்படியே விட்டுட்டேன். சாரு இறந்தாவன்னு அண்ணன் எழுதியிருந்தான், எலெக்‌ஷன் முடிஞ்சு பதினோரு வருசம் கழிச்சு. பூசைக்குச் சொன்னேன், இங்க, பனிமய மாதா கோயில்ல. பேரு எலாடியோன்னு சொன்னா எழுதுறவருக்குப் புரியல. மூணு தடவை சொன்னேன்.

போன வருசம் அக்டோபர் கடைசியில திரும்பப் போனேன். அங்கயும் கல்லறைத் திருநாளு உண்டு, ஊரே போய்க் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, சோறு கொண்டு போய் அங்கனயே உக்காந்து சாப்பிடும். இந்தத் தடவை சுத்திப் போகல. நேரா அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுனேன்.

லுஸ்தான் திறந்தா. தலை முழுக்க நரை. அதே பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. கல்யாணம் கட்டல. என்னை ஒரு நிமிசம் பார்த்துட்டு, "உள்ள வா. காப்பி குடிப்பியா?"ன்னா. ஏதோ நேத்துப் போயிட்டு இன்னைக்கு வந்த மாதிரி.

நான் பேசுனேன். ஒரு மணி நேரம் பேசுனேன். பொண்ணுங்களைப் பத்தி, தூத்துக்குடி மீனைப் பத்தி, அந்தப் பன்னெண்டு மணி நிகழ்ச்சியைப் பத்தி, பழைய பாட்டைப் பத்தி. அவ சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சா. பரவாயில்ல, மறந்துட்டா போலன்னு நினைச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, கிளம்பிருவோம்னு பையைக் கூட எடுத்துட்டேன்.

"இதுக்கா வந்தே?"ன்னா.

"சாரு கல்லறையில பூ வைக்கணும்"ன்னேன்.

"அப்பாக்கு யாரு மேல கோவம்னு தெரியுமா உனக்கு?"

"எம்மேலதான இருக்கும்."

"உம்மேல இல்ல. எம்மேல." அவ கப்பை எடுத்து வச்சிக்கிட்டே சொன்னா, சத்தமெல்லாம் போடல. "வீட்டுல மூணு பேருக்குத்தான தெரியும். அம்மா சொல்லியிருக்க மாட்டா. அப்ப நான்தான். பதினோரு வருசம் அப்பா என்கிட்ட சாப்பாடு, மருந்து, இதத் தவிர வேற ஒண்ணும் பேசல."

"நீ என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல லுஸ்?"

"சொன்னேன். எர்லிண்டாகிட்ட சொன்னேன்பா, அவதான் பாட்டுல போட்டுட்டான்னு அழுதேன். நம்பல. 'அந்தப் பிள்ளை அப்படிச் செய்யாது, நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. எவனோ எழுதிக் குடுத்ததைப் பாடுது. நீ தப்பைப் பண்ணிட்டு அவ மேல போடாத'ன்னாரு. சாகும்போதும் அதான்."

இத்தனை வருசமும் சாரு என்னைத் திட்டிக்கிட்டே செத்திருப்பாவன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"வா, போவோம்"ன்னா.

கல்லறைக்கு நடந்தே போனோம். மத்தியானம். சுத்தி ஆளுக புல்லுப் புடுங்கிக்கிட்டு, சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு இருந்தாவ. சாரு கல்லு சின்னக் கல்லு. பூவை வச்சேன். செபம் சொன்னேன். கிளம்பலாம்னு திரும்புனா, லுஸ் கையைக் கட்டிக்கிட்டு நிக்கா.

"சொல்லு"ன்னா.

"என்ன சொல்ல?"

"எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லு."

நான் குனிஞ்சு, வாய்க்குள்ளயே சொன்னேன். லுஸ் நெருங்கி வந்தா. "கேக்கல. கடைசியில அப்பாக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லு."

சொன்னேன். "சாரு, அந்த ரெண்டு வரி நான் கட்டுனது. லுஸ் என்கிட்ட மட்டும்தான் சொன்னா. யாரும் எழுதிக் குடுக்கல. நான்தான்." பக்கத்துக் கல்லறையில தூரிகை வச்சிருந்த ஆளு நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தான். "இன்னும்"ன்னா லுஸ். இன்னும் சத்தமாச் சொன்னேன். மைக்கு இல்லாம அவ்வளவு பெருசா நான் எங்கயும் குரல் எடுத்ததில்லம்மா. எங்க ஊரு ஆளுக அத்தனை பேரும் பார்த்தாவ. அதுல எத்தனை பேரு அந்த மைதானத்துல இருந்தாவளோ, எனக்குத் தெரியாது.

லுஸ் தலையை ஆட்டுனா. "போதும். நீ போ. உனக்கு நேரமாச்சு"ன்னா. கட்டிப் புடிக்கல, அழல. நான் கையைப் புடிக்கப் போனேன், அவ குடுக்கல. கோவமாவும் இல்ல, குடுக்கல அவ்வளவுதான்.

நடந்தேன். வாசப்பக்கம் போறதுக்குள்ள ஒருக்க திரும்பிப் பார்த்தேன். அவ கல்லுக்குப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருந்தா, காதுகிட்ட பேசுற மாதிரி குனிஞ்சு.

"கேட்டீங்களாப்பா?"ன்னா. "இப்பவாவது கேட்டீங்களா?"